அம்மைக்கு ஏது சீட்டு

வேப்பங்குலையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். தெருவுக்குத் தெரு மரம் நிற்கிறது, கையை எட்டினால் கொத்து வந்துவிடும், பனியன் வேஸ்ட்டில் ஒரு துண்டைக் கிழித்து முடிச்சுப் போட்டு நிலையில் தொங்கவிட்டால் தீர்ந்தது. அந்த வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று ஊரே விலகிப் போகும். பால்காரன் தள்ளி நின்று ஊற்றுவான். தவணைக்குச் சேலை விற்கிறவன் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவான். எவனும் உள்ளே எட்டிப் பார்த்து மெய்தானா என்று கேட்கமாட்டான். கேட்டால் பாவம். கேட்காமல் விட்டால் நான் முட்டாள். இரண்டுக்கும் நடுவில் வண்டியை ஸ்டாண்டு போட்டு, கார்ப்பரேஷன் தண்ணித் தொட்டியின் துளி நிழலில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே லைன் வீடுகள். கடைசிக் கதவு என் கம்பெனி டைலர் அஞ்சுகத்தின் வீடு. கொத்து அங்கேதான் தொங்குகிறது. இலை வாடியிருக்கிறதா, புதுசா என்று இங்கிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன். வாடினால் பழசு, பழசு என்றால் நிஜம். புதுசு என்றால்? நிஜமாக இருந்தாலும் தினம் மாற்றிக் கட்டுவார்கள் இல்லையா. அப்போது புதுசும் நிஜம். வாடினதும் நிஜம். இதில் எதை வைத்து நான் கண்டுபிடிப்பது. துணி ரோல் என்றால் விரித்து, இழுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நனைத்துக் கசக்கிச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். திருப்பூரில் என்னிடம் தொட்டுப் பார்க்காத சரக்கை விற்றவன் ஒருத்தன் கிடையாது. இங்கே சரக்கு கதவுக்குப் பின்னால் பாயில் படுத்திருக்கிறது. தொடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நான் போன் பண்ணாவிட்டால் என் சூப்பர்வைசர் சாமியப்பன் புது டைலரை அஞ்சுகத்தின் மிஷினில் உட்கார வைத்துவிடுவான். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தவனை எழுப்புகிற பழக்கம் என் கம்பெனியில் இல்லை. போனால் போனதுதான். அது அவளுக்கும் தெரியும்.

சீட்டு இல்லாமல் லீவு இல்லை. சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், பெயிண்டரை வைத்து, சிவப்பில். காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, இடுப்புப் பிடிப்போ, டாக்டர் சீட்டோடு வா, உன் மிஷின் உனக்காக நிற்கும். சீட்டு இல்லையா, மிஷின் அடுத்தவனுக்கு. இதை அநியாயம் என்கிறார்கள். பக்கத்துக் கம்பெனிக்காரன் கூடச் சிரிக்கிறான், ஏனுங்க நீங்க என்ன கவர்மெண்ட் ஆபீஸா நடத்தறீங்க என்று. சிரிக்கட்டும். அவன் அப்பன் வைத்துவிட்டுப் போன கட்டடத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். எனக்கு யார் வைத்துவிட்டுப் போனார்கள். எக்ஸ்போர்ட்காரன் கையில் காலில் விழுந்து ஜாப் ஒர்க் வாங்கி, சொன்ன தேதிக்குப் பீஸைக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் எனக்குக் கிடையாது. அவனிடம் போய் டைலருக்குத் தலைவலிங்க என்று சொல்ல முடியுமா. நான் பீஸ் மடிக்கிற கைமடிப் பையனாக இருந்த காலத்தில் சீட்டு கேட்கவே ஆள் இல்லை. வரவில்லையா, இடம் போச்சு, அவ்வளவுதான். சீட்டு கேட்கிறேன் என்றால் நம்புவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம். இது யாருக்குப் புரிகிறது. அப்புறம் அம்மை. ஆரம்பத்தில் அம்மைக்கு மட்டும் சீட்டு கேட்கமாட்டேன். அது டாக்டர் பார்க்கிற நோவு இல்லை, எனக்கும் தெரியும், என் வீட்டிலும் அப்படித்தான். கெடுத்தவன் ராசப்பன். பேட்லாக் மிஷின் ஓட்டினவன். அண்ணா அம்மா வாத்திருக்குங்க என்று போனில் அழுதான். பாவம், உடம்பைப் பாரு என்றேன், இளநீர் குடி என்று வேறு சொன்னேன், நான்! மூன்றாம் நாள் சாமியப்பன் செல்போனைக் கொண்டுவந்து காட்டுகிறான். குற்றாலத்தில் அருவிக்கு அடியில் ராசப்பன். துண்டோடு. வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு. அவனே ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான், மடையன். முதுகில் ஒரு முத்து இல்லை, மார்பில் ஒரு முத்து இல்லை, எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கிறது. கம்பெனியே சிரித்தது. ஆத்தா அருவியில குளிக்கறா என்று அயனிங்காரன் சொன்னான், எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு அடியில் ஒரு வரி சேர்த்தேன். அம்மைக்கும் சீட்டு வேண்டும்.

ஆனால் சீட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு கிளினிக் இருக்கிறது, டாக்டர் எப்போதாவது வருவார், கம்பவுண்டர் எப்போதும் இருப்பான். என்ன தேதி, எத்தனை நாள் என்று கேட்டு எழுதுவான். நாடி பார்க்கிற வேலை எல்லாம் இல்லை. எல்லோருக்கும் ஒரே வைரல் காய்ச்சல். என் டிராயரில் இருக்கிற சீட்டுகளைப் பார்த்தால் திருப்பூரில் வேறு நோவே கிடையாது என்று நினைக்க வேண்டும். அதுவும் தெரிந்தேதான் வாங்கி வைக்கிறேன். எனக்கு நோவு முக்கியம் இல்லை, சீட்டு வாங்குகிற சிரமம் முக்கியம். அந்தச் சிரமத்துக்குப் பயந்து பாதிப்பேர் வேலைக்கு வந்துவிடுவார்கள், அது போதும். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது, வியாபாரம். ஆனால் இந்த அஞ்சுகம் அந்தப் பொய்ச்சீட்டைக்கூட வாங்கி அனுப்பவில்லை. அதுதான் எனக்கு முள் மாதிரி குத்துகிறது. நேற்று அவளுடைய நாத்தனார் முத்துப்பேச்சி கம்பெனி கேட்டுக்கு வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துச் சனம், பேச்சே வேறு தாளத்தில் இருக்கும். வேறொரு கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள், அதனால் முதலாளி என்றால் பயம் கிடையாது. "அண்ணாச்சி, மதினிக்கு அம்மை போட்டிருக்கு. மூணாந் தண்ணி ஊத்துன பெறவுதான் வருவா. மிஷின யாருக்கும் குடுத்துராதிய" என்றாள். சீட்டு எங்கே என்றேன். "அம்மைக்கு ஏது அண்ணாச்சி சீட்டு? ஆத்தா வந்து கையெழுத்துப் போடுவாளா?" என்றாள். செக்யூரிட்டி சிரித்துவிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கிளினிக்கில் காய்ச்சல் என்று ஒன்று வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதானே, ஊரே வாங்குகிறது என்றேன். நானே சொன்னேன், பாருங்கள், வாய் தவறி. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லாச் சொன்னிய போங்க. ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கையில, வரலன்னு எழுதி வாங்கவா? கண்ணக் கொண்டு போயிருவா. ஒங்க கம்பெனிக்குக் கண்ணு வேண்டாமா அண்ணாச்சி, கழுத்துப் பட்டி வைக்க?" அப்படியானால் நிஜ டாக்டரிடம் கூட்டிப் போ என்றேன். அதுவும் ஆகாதாம். ஊசி போட்டால் உள்ளே இறங்கிவிடுமாம். மூன்றாம் தண்ணிக்கு முன்னால் நிலையைத் தாண்டக் கூடாதாம். சரி, உன் ஆத்தா உனக்கு, என் ரூல் எனக்கு, மிஷின் நாளைக்குப் போகுது, போய்ச் சொல்லு என்று கேட்டைச் சாத்தச் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். உள்ளே மிஷின் சத்தம் ஒரு நிமிஷம் அடங்கித் திரும்பக் கிளம்பியது. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது பின்வாங்கவும் முடியாது.

பொய்யர்கள் பொய்ச்சீட்டுக்குப் பயப்படமாட்டார்கள். இதைத்தான் ராத்திரி முழுவதும் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்கிறவளாக இருந்தால் சீட்டோடு வந்திருப்பாள். சீட்டு இல்லாததால் உண்மை. அப்படிப் போனால் சீட்டு இல்லாதவர்கள் எல்லாம் உண்மை, சீட்டோடு வந்தவர்கள் எல்லாம் பொய், என் டிராயர் முழுக்கப் பொய், சுவரில் சிவப்பில் எழுதினது என்ன. வேண்டாம், இந்த வழியில் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான். ராசப்பனும் சீட்டு இல்லாமல்தானே போனான். ஆமாம், அவனிடம் அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பான். வெயில் நகர்ந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. வண்டியின் சீட் சுடுகிறது. எங்கிருந்தோ சாயப்பட்டறைக் காற்று வருகிறது, அழுகின முட்டையும் சோப்பும் கலந்த மாதிரி. இந்த வாசனை வந்தால் எனக்குப் பசிக்கும், சின்ன வயசிலிருந்து அப்படி, யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அந்த லைன் வீட்டில் தாளிக்கிற வாசனை ஒன்றுமே வரவில்லை, கவனித்தேன். பக்கத்து வீட்டிலும் இல்லை. அம்மை வீட்டில் தாளிக்கமாட்டார்கள். அக்கம்பக்கமும் சேர்ந்து தாளிக்காமல் இருக்கிறதென்றால்? பொய்க்காக ஒரு லைனே கடுகு போடாமல் இருக்குமா. இருக்காது. ஆனால் மணி பதினொன்று தாண்டவில்லை, எல்லோரும் கம்பெனிக்குப் போயிருப்பார்கள், சமைக்க ஆள் இல்லாமல் இருக்கலாம். போய்க் கதவைத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தட்டேன். என்ன பயம். எழுந்திரு. எழுந்திருக்கமாட்டேன் என்கிறேன். ஏனென்றால் தாரணி. மூத்தவள், பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு அம்மை வந்ததில்லை, அவள் அம்மா உறுதியாகச் சொல்கிறாள். மாசமாக இருக்கிறவளுக்கு இது ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஆகாது என்று பெரிய டாக்டரம்மாவே போன தடவை எச்சரித்து அனுப்பினாள், கூட்டத்துக்குப் போகாதே என்று. இங்கே வந்திருக்கவே கூடாது. சாமியப்பனை அனுப்பியிருக்கலாம். அவன் பார்த்துவிட்டு வந்து சொன்னால் நான் நம்பவா போகிறேன்.

எனக்கு அம்மை வந்திருக்கிறதா. வந்தவனுக்கு இரண்டாம் தடவை வராது என்கிறார்கள். வந்திருந்தால் நான் பயமில்லாமல் போய் நிற்கலாம், என் மூலமாகத் தாரணிக்கும் ஒட்டாது. வந்திருக்கிறதா. நெற்றி ஓரத்தில் ஒரு குழி இருக்கிறது, விரலை வைத்தால் பயறு அளவுக்குத் தட்டுப்படும். இது முத்து விழுந்த குழியா, கல் பட்ட குழியா. கேட்க யாரும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது எனக்கு விவரம் தெரியாது. சித்தப்பன் காங்கேயத்திலிருந்து பஸ் ஏற்றிவிட்டான், இங்கே இறங்கின அன்றைக்கே கைமடிக்குச் சேர்ந்தேன். டைலர் தைத்துத் தள்ளுகிற பீஸை மடித்து அடுக்குகிற வேலை. மிஷினுக்கு அடியிலேயே வேஸ்ட் மேல் தூங்கினேன். ஒரு தடவை உடம்பெல்லாம் கொதித்தது, அது நன்றாக நினைவிருக்கிறது. வாய்க்குள் புண்ணாக இருந்தது. பனியன் வேஸ்ட்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன், பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல். டைலர் செல்லையன் காலால் தட்டி, டேய் பீஸ் குமியுது பாரு என்றார். எழுந்து மடித்தேன். சொறிந்துகொண்டே மடித்தேனா? சொறிந்த மாதிரியும் இருக்கிறது. கொசுவாகவும் இருக்கலாம். அது அம்மையாக இருந்தால் அந்தக் கம்பெனியில் எத்தனை பேருக்கு ஒட்டவைத்தேனோ. யாரும் என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவில்லை, யாரும் சீட்டு கேட்கவில்லை, யாரும் வேப்பிலை கட்டவில்லை. அதனால் எனக்கு வந்ததா வரவில்லையா என்பது உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. என் உடம்பு, எனக்கே தெரியவில்லை. நான் இங்கே உட்கார்ந்துகொண்டு இன்னொருத்தியின் உடம்புக்கு அத்தாட்சி தேடுகிறேன். சரி, தேடத்தான் வேண்டும், ஷிப்மெண்ட் இருக்கிறது. செல்போன் அடிக்கிறது. சாமியப்பன். "அண்ணா, அந்தப் பையன் வந்து உக்காந்திருக்கானுங்க. மிஷினத் துடைச்சு ஊசி மாத்திட்டான். பீஸ் குடுக்கட்டுங்களா?" இரு என்றேன். "இல்லீங்கண்ணா, வேற கம்பெனிக்காரன் கூப்புடறானாமா, சும்மா உக்கார மாட்டேங்கறான்." இருன்னா இருடா, நான் சொல்றேன் என்று கத்தினேன். தெருவில் ஒரு நாய் எழுந்து என்னைப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் போய்ப் படுத்தது. ஊசியை மாற்றிவிட்டானாம். அவள் ஊசியை அவள்தான் மாற்றுவாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். கழுத்துப் பட்டி வைக்கிற கை அது. ரிப் துணியை இழுத்த சுவடே தெரியாது, வட்டம் தட்டாது, நான் பல கம்பெனி பார்த்தவன், அந்தக் கை எனக்குத் தெரியும். புருஷன் லாரியில் போகிறவன், எப்போது வருவான் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையை ஊரில் விட்டுப் படிக்க வைக்கிறாள். இந்த மிஷின் போனால் வேறு மிஷின் கிடைக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முகமெல்லாம் கருப்புத் தழும்போடு போய் வேலை கேட்டால் எந்தக் கம்பெனி உடனே சேர்க்கும். நானே சேர்க்கமாட்டேன். வேறு எதையாவது நினை. பையன் தைக்கட்டும் என்று சொல்லிவிடலாமா. சொன்னால் என் வார்த்தை நிற்கும். கம்பெனியில் ஒருத்தன் வாயைத் திறக்கமாட்டான். நாளைக்கு அவள் வந்து நின்றால், நான்தான் நேற்றே சொல்லி அனுப்பினேனே என்பேன். இலை வாடித்தான் இருக்கிறது. இல்லை, காற்றில் திரும்பினது. பச்சை.

கதவு திறந்தது. முதலில் சத்தம்தான் வந்தது, முத்துப்பேச்சியின் குரல். "மதினி, சொன்னாக் கேளு. நெலையத் தாண்டாத. நான் இன்னொருக்காப் போயி அந்தாள்ட்ட பேசிட்டு வாரேன்." அந்தாள் நான்தான். பிறகு அஞ்சுகம் வந்தாள். வெள்ளை வேட்டி ஒன்றைத் தலையோடு போர்த்தியிருந்தாள். கையில் பஸ்ஸுக்குப் போகிறவள் மாதிரி சின்னப் பை. "நீ பேசுனது போதும் பேச்சி. பெரியாஸ்பத்திரியில போயி உக்காருதேன். பாத்து எழுதிக் குடுக்கட்டும். அதக் கொண்டு போயி அவரு மூஞ்சியில வச்சிட்டு வாரேன்." நிலையைத் தாண்டிக் கால் வைத்தாள். அந்த ஒரு காலை வைத்ததும் முத்துப்பேச்சி ஐயோ ஆத்தா என்று வாயில் அடித்துக்கொண்டாள், நிஜமாகவே அடித்துக்கொண்டாள், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் அஞ்சுகம் என்னைப் பார்த்தாள். போர்வை நெற்றியிலிருந்து விலகியது. நான் பார்த்துவிட்டேன். இமை மேல்கூட இருந்தது. உதட்டோரத்தில், காதுமடலில், கழுத்தில், இடைவெளியே இல்லை, நீர் கோத்து நின்றது. ஒரு கண் பாதி மூடியிருந்தது. எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, உள்ளதைச் சொன்னால் நிம்மதி. பொய் இல்லை, ஏமாறவில்லை. அதற்கடுத்த நொடி அந்தப் பை கண்ணில் பட்டது. இந்த உடம்போடு டவுன் பஸ்ஸில் ஏறப் போகிறாள். பஸ் எப்படி இருக்கும் இந்நேரத்துக்கு, கம்பியைப் பிடிக்க இடம் இருக்காது, பிள்ளையைத் தூக்கினவர்கள், மாசமாக இருக்கிறவர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்கவே வேண்டாம். தாரணி அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் இல்லை, தனியார், ஆனால் யாரோ ஒருத்தருடைய தாரணி. என் சிவப்பு பெயிண்ட் இவளை பஸ் ஏற்றி அனுப்புகிறது. "நீங்களே வந்துட்டியளா?" என்றாள். குரல் கட்டிப்போய் வந்தது. "நல்லதாப் போச்சு. பாத்துக்கிடுங்க மொதலாளி. நல்லாப் பாத்துக்கிடுங்க." என்னைப் பார்த்து நடந்து வந்தாள்.

நில்லு அங்கேயே என்றேன். வண்டியில் உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்திருக்கிறேன், ஸ்டாண்டு ஆடுகிறது. அவள் நின்றாள். "சீட்டு வேணுமா வேண்டாமா?" வேண்டாம், நீ உள்ளே போ என்றேன். "நாளைக்கு மாத்திப் பேசுவிய." ஓர் எட்டு வைத்தாள். நான் மாத்திப் பேசினவன் இல்லைம்மா. "அப்ப நேத்து கேட்டுல சொன்னது?" இன்னும் ஓர் எட்டு. எனக்குப் புரிந்துவிட்டது. இவள் பேரம் பேசுகிறாள். நான் நூல்காரனிடம் பேசுகிற மாதிரி, அவன் தயங்கத் தயங்க நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போடுவேனே, அதே மாதிரி. அவள் கையில் இருக்கிற ஒரே சரக்கு அந்த உடம்புதான், அதைக் கொண்டுவந்து மேஜை மேல் வைக்கிறாள். பீஸ் ரேட் பேசும்போதெல்லாம் முதல் வரிசையில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். "ஏ முத்துப்பேச்சி, உன் மதினியப் புடிம்மா" என்றேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "நான் எங்கிட்டுப் புடிக்க? ஒங்க ரூலு, ஒங்க ஆளு, நீங்களே புடிங்க அண்ணாச்சி" என்றாள். சிரிப்பை அடக்குகிறாள், பாவி, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வாயில் அடித்துக்கொண்டவள். அஞ்சுகம் இன்னும் கிட்டே வரலாமா என்று என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேப்பிலை வாசனை எனக்கு எட்டியது, அதற்கடியில் வேறு ஒரு வாசனை, காய்ச்சலுடையது. எழுந்து வண்டிக்கு மறுபக்கம் போய் நின்றேன். என்னதான் வேணும் சொல்லு என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன், முதலில் கேட்டவன் இறங்கிவிட்டான் என்று அர்த்தம், இது தெரியாதவனா நான். "என் மிஷின். சாமியப்பண்ணன்ட்ட இப்ப போன் போட்டுச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். மிஷின் சத்தம் குப்பென்று வந்தது, தெருவே கம்பெனி மாதிரி ஆகிவிட்டது. சாமியப்பா, அந்தப் பையனை அனுப்பிடு. "அண்ணா?" அனுப்பிடுடா, அஞ்சுகம் மிஷின் அஞ்சுகத்துக்கு. மூணாம் தண்ணி ஊத்திட்டு வரும். "சரிங்கண்ணா. அப்ப சீட்டு வந்துருச்சுங்களா? ரிஜிஸ்டர்ல என்னன்னு போடட்டும்?" அஞ்சுகம் பாதி மூடின கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். முத்துப்பேச்சி காதை இந்தப் பக்கம் நீட்டுகிறாள். நான் பார்த்தேன் என்று போடு என்றேன். "யாருங்க?" நான்டா. நான் பார்த்தேன். அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, சரிங்க என்றான். வைக்கப் போனேன். "இருங்க" என்றாள் அஞ்சுகம். "இன்னொண்ணு. இனிமே ஆருக்குப் போட்டாலும் இதே பேச்சு. அம்மைக்குச் சீட்டு கேக்கக் கூடாது. அந்தச் செவரு எழுத்த அழிக்கச் சொல்லுங்க." இது உன் மிஷின் விஷயம் இல்லையேம்மா, நீ உன்னுதைக் கேட்டுட்டு உள்ளே போ என்றேன். கோபம் வந்துவிட்டது, நிஜமாகவே வந்துவிட்டது. அப்படி எழுதியும் நாலு பேர் ஏமாத்தறான், அழிச்சா நாளைக்கு கம்பெனி பூராவும் குற்றாலத்துலதான் இருக்கும் என்று கத்தினேன். "ஏமாத்துறவன் கண்ணு அவிஞ்சு போவான், அது ஆத்தா பாடு" என்றாள் முத்துப்பேச்சி வாசலிலிருந்து. அஞ்சுகம் போர்வையைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டாள். வண்டியின் ஹேண்டில்பார் மேல் கையை வைக்க வந்தாள். கையிலும் இருந்தது, விரலிடுக்கில்கூட. அந்த விரல்தான் ரிப்பைப் பிடிக்கும். இந்த வண்டியில்தான் நான் வீட்டுக்குப் போவேன், தாரணி இந்த ஹேண்டில்பாரில் கையை வைத்துக்கொண்டுதான் அப்பா முறுக்கு வாங்கினீங்களா என்று கேட்பாள். சாமியப்பா, அடியில் இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அழி என்றேன். மேலே இருக்கிறது இருக்கட்டும். "எந்த வரிங்கண்ணா?" அம்மை வரிடா! இப்பவே அழி. தின்னர் போட்டு அழி. அஞ்சுகம் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை, ஜெயித்த மாதிரிக்கூட இல்லை. நிற்கத் தெம்பில்லாமல் அப்படியே தொட்டிச் சுவரில் சாய்ந்தாள். இவ்வளவு நேரம் எதில் நின்றாளோ. முத்துப்பேச்சி ஓடி வந்து தோளில் தாங்கி அழைத்துப் போனாள். நிலையில் நிறுத்தி, மஞ்சத் தண்ணியால் காலைக் கழுவி, என்னவோ முணுமுணுத்துச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டு உள்ளே விட்டாள். கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி, வீட்ல சின்னஞ்சிறுசு, புள்ளத்தாச்சி ஆரும் உண்டா?" உண்டு என்றேன். "அப்ப நேரா வீட்டுக்குப் போயிராதிய" என்றாள், இந்தத் தடவை கேலி இல்லாமல்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் வந்தேன். உதைக்கத் தோன்றவில்லை. வெட்டவெளி, காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது, அவள் கை வண்டியில் படவில்லை, படவில்லைதானே. படவில்லை. கிட்டே வந்தாள். எவ்வளவு கிட்டே. ஒரு மேஜை அகலம் இருக்கும். பெரிய மேஜை. நெற்றிக் குழியைத் தடவிப் பார்த்தேன், அது என்ன பதில் சொல்லும். கட்டிங் மேஜையில் படுத்துக்கொள்ளலாம், படுக்காத இடமா. வீட்டில் என்ன சொல்வது. சாதாரணமாக நான் வெளியூரில் தங்குகிறேன் என்றால் எங்கே, யாரோடு, எந்த லாட்ஜ் என்று நாலு கேள்வி வரும். பதில்களை எல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டேன். யாருக்கு, என் கம்பெனி ஆள் ஒருத்திக்கு. நீங்க எதுக்குப் போனீங்க, வேலை விஷயமாக. உள்ளே போனீங்களா, இல்லை. தொட்டீங்களா, இல்லை. நிஜமாகவே அம்மைதானா, வேர்க்குருவா இருக்கப் போகுது. இல்லை புள்ள, நான் என் கண்ணால் பார்த்தேன். இப்படி ஒன்றொன்றாகத் தயார் பண்ணிக்கொண்டு வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். ஏ புள்ள, நான் அம்மை வீட்டு வாசல்ல நின்னுட்டேன், கொஞ்ச நாளைக்கு வரலை என்றேன். அந்தப் பக்கம் மிக்சி நின்றது. "அப்படீங்களா. சரிங்க, வந்துராதீங்க" என்றாள். "துணியும் சோறும் சாமியப்பன்கிட்டக் குடுத்து விடறேன். இளநி குடிங்க." வைத்துவிட்டாள். அவ்வளவுதான். நான் அடுக்கி வைத்தது எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றது. செல்போனைப் பார்த்தபடி வெயிலில் நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒருத்தி எப்படி ஏற்றுக்கொள்ளலாம் என்று கோபம் வந்தது. திரும்பப் போன் போட்டு, என்ன ஏதுன்னு கேட்க மாட்டியா என்று சத்தம் போடலாமா என்றுகூட இருந்தது. போடவில்லை. வண்டியை உதைத்தேன். கம்பெனிப் பக்கம் திருப்பினேன்.